பந்தின்மேல் எழுதிய ஆண்டு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



எந்தத் தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, 'கால்பந்து' என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, "அம்மா, காப்பியம் என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார். இல்லை ஐயா, கால்பந்துதான் என்றேன். அழைப்பிதழில் 'சிறப்புரை' என்று மட்டும் அச்சிட்டுத் தம்மைக் காத்துக்கொண்டார். அவருடைய முன்னெச்சரிக்கையை நான் குறைகூறவில்லை.

உண்மையில், எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய நிழற்படத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அது ஒரு கல்லூரிக் கால்பந்துக் குழுவின் படம். அதன் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது கல்கத்தாவின் 1911ஆம் ஆண்டுப் பந்தாட்டப் பருவத்தைப் பற்றிப் படித்தபோதுதான். ஆகவே உங்களைக் கல்கத்தா வரை அழைத்துச்சென்று, மீண்டும் நம் சிந்துபூந்துறைப் படித்துறையில் கொண்டுவந்து விடுகிறேன். வழியில் நம் இலக்கியத்தையும் ஒரு நொடி எட்டிப்பார்ப்போம்.

தமிழிலக்கியத்தில் பந்து பெண்ணின் கையில் இருக்கிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வஞ்சி மகளிர் கந்துக வரி பாடிப் பந்தடிக்கின்றனர். பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்று ஒரு பகுதியே உண்டு. உதயணன் மானனீகையின் பந்தாட்டத்தைக் கண்டு மனம் இழக்கிறான். நமக்கு மிக அருகில், மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், வசந்தவல்லி தோழியரோடு பந்தாடிக்கொண்டிருக்கும்போதுதான் திரிகூடநாதரின் பவனி வருகிறது. அந்தப் பாட்டைப் பாடிப் பாருங்கள். பந்து தரையில் பட்டு எழும் ஓசை சந்தத்திலேயே இருக்கும். மாணவியர்க்கு நான் அதை நடத்தும்போது மேசையைத் தட்டாமல் நடத்த முடிந்ததில்லை.

அந்தப் பந்துகள் கையால் அடிக்கும் பந்துகள். காலால் உதைக்கும் தோற்பந்து வேறு. அது ஆங்கிலேயப் படைவீரர்களோடும் கல்லூரிப் பேராசிரியர்களோடும் பாதிரிமார்களோடும் கப்பலேறி வந்தது. நாம் அதனைக் கால்பந்து என்கிறோம். ஈழத்தமிழர் உதைபந்தாட்டம் என்கின்றனர். அவர்களுடைய சொல்லில் வினை இருக்கிறது. எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கிறது. அது கிடக்கட்டும்.

'தோல்' என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொன்னேன். 1891இல் காசுமீரத்துச் சிறீநகரில், சி.எம்.எஸ். பள்ளியின் தலைமையாசிரியர் டிண்டேல் பிஸ்கோ என்பவர் தம் மாணவர்முன் ஒரு கால்பந்தை வைத்தார். மாணவர்களோ பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். இது எதனால் ஆனது என்று கேட்டனர். தோலால் ஆனது என்றதும், தீட்டு, எடுத்துச்செல்லுங்கள் என்றனர். அவர் விடவில்லை, கட்டாயப்படுத்தி ஆடவைத்தார். பந்து ஒரு மாணவன் முகத்தில் பட்டுவிட்டது. தீட்டுப்பட்ட முகத்தை என்ன செய்வது என்று பிள்ளைகள் கலங்கி நின்றபோது, அவனை அழைத்துப்போய் ஆற்றில் கழுவிக்கொண்டு வரச் சொன்னாராம். ஆட்டம் தொடர்ந்தது. இதே சி.எம்.எஸ். அமைப்பு இரேனியஸ் காலத்தில், 1820 முதல், நம் பாளையங்கோட்டையில் பள்ளி நடத்தியது என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். காசுமீரத்துக் கதை நமக்கு அவ்வளவு தொலைவு அன்று.

கல்கத்தாவில் நிகழ்ந்தது வேறுவகை. அங்கே பந்தைத் தேடிச் சென்றவர்கள் மாணவர்களே. 1877இல் நாகேந்திரபிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன் ஆங்கிலேயர் ஆடிய மைதானத்தின் ஓரமாகச் சென்றபோது, பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்ததாம். அவன் அதனை உதைத்துத் திருப்பியனுப்பினான். வங்காளத்தின் கால்பந்து வரலாற்றை அந்த உதையிலிருந்தே தொடங்குகின்றனர். மறுநாளே ஹேர் பள்ளித் தோழர்களிடம் காசு திரட்டிக் கடைக்குச் சென்று பந்து வாங்கினான். வாங்கி வந்தது ரக்பி ஆட்டத்திற்குரிய நீள்வட்டப் பந்து! பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியவில்லை, அதையே உதைத்துக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் சரியான பந்தைத் தந்து ஆடும் முறையையும் கற்பித்தார்.

இந்தச் சர்வாதிகாரி வளர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். அதில் மணிதாஸ் என்ற குயவர் மகனைச் சேர்க்க முயன்றபோது மேல்சாதி உறுப்பினர்கள் மறுத்துவிட்டனர். அவர் என்ன செய்தார் தெரியுமா? சங்கத்தையே கலைத்துவிட்டார். பிறகு 1885இல் சோபாபசார் சங்கத்தைத் தொடங்கி அந்த இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சோபாபசார் குழுதான் 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சரே படையணியை வென்றது. இச்செய்தியை முதன்முதலில் படித்த இரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு குயவர் மகனின் பெயரை நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திருநெல்வேலியில் இருக்கும் ஒருத்தியால் படிக்க முடிகிறது. யாரோ எழுதிவைத்திருக்கின்றனர்.

இனி 1911. மோகன் பகான் சங்கம் 1889இல் தோன்றியது. அது கல்லூரிக் குழு அன்று எனினும், அதன் ஆட்டக்காரர் பலர் கல்லூரி மைதானங்களில் கால் பழகியவர்கள். வெற்றிக் கோலை அடித்த அபிலாஷ் கோஷும் நடுக்களத்தில் ஆடிய ராஜேன் சென்குப்தாவும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியினர். விவேகானந்தர் பயின்றதும் அக்கல்லூரியே. அவர் 1897இல் நம் சென்னையில் இளைஞர்களிடம் பேசும்போது, கீதை கற்பதைக் காட்டிலும் கால்பந்து ஆடுவதால் வானுலகை நெருங்கலாம் என்ற பொருள்படச் சொன்னார். வங்காளத்துக்காரர் சென்னையில் சொன்னதைக் கல்கத்தாக்காரர்கள் செய்துகாட்டினார்கள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பின்களத்தில் ஆடிய சுதீர் சட்டர்ஜி கிறித்தவப் போதகர்; லண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர். பதினொருவரில் காலுக்குப் பூட்சு அணிந்தவர் அவர் ஒருவரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலினர். எதிரே நின்றவர்களோ ஆணியடித்த கனத்த பூட்சு அணிந்த படைவீரர்கள். கல்கத்தாவில் கால்பந்து மழைக்கால ஆட்டம். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். பூட்சுக்குப் பிடிமானம் உண்டு. ஆகவே வெறுங்காலினர் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்தே களத்திற்கு வரவேண்டியிருந்தது.

ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் அவர்களது முதல் ஆட்டம் சூலை 10ஆம் நாள், ஒரு கல்லூரியின் குழுவோடு. கல்கத்தாத் தூய சவேரியார் கல்லூரி அது. (நம் பாளையங்கோட்டைச் சவேரியார் கல்லூரி 1923இல்தான் தோன்றியது, யாரும் சண்டைக்கு வரவேண்டா.) அன்று சுதீர் சட்டர்ஜிக்குக் கல்லூரியில் விடுப்புக் கிடைக்கவில்லை என்றும், பதின்மர் மட்டுமே ஆடினர் என்றும் சொல்லப்படுகிறது. இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்கள் இதனை எளிதில் நம்புவீர்கள். பதின்மராக ஆடியும் மூன்று கோல் அடித்து வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் குழுவை 2-1 என்றும், ரைபிள் பிரிகேடு படையணியை 1-0 என்றும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியோடு 1-1 எனச் சமநிலை. மறு ஆட்டத்தில் 3-0 என வெற்றி.

சூலை 29, சனிக்கிழமை. இறுதியாட்டம். எதிரே கிழக்கு யார்க்சயர் படையணி. வெளியூர்களிலிருந்து சிறப்பு இரயிலில் மக்கள் வந்து குவிந்தனர். அறுபதாயிரம் என்றும் எண்பதாயிரம் என்றும் கூட்டத்தை மதிப்பிடுகின்றனர். பின்னால் நின்றவர்க்குக் களம் தெரியவில்லை. அவர்களுக்காகக் கோல் கணக்கை எழுதிப் பட்டம் பறக்கவிட்டனர். தலையை நிமிர்த்தி வானத்தில் ஆட்டத்தைப் படித்த அந்தப் பல்லாயிரவரை எண்ணிப் பாருங்கள். கவிஞர்களே, இந்தப் படிமத்தை உங்களுக்கு இலவசமாகவே விட்டுத்தருகிறேன்.

முதல் கோல் படையணிக்கு. அவர்களின் தலைவர் ஜாக்சன் அடித்தார். வானத்தில் அந்தப் பட்டம் ஏறியபோது மைதானம் எப்படி இருந்திருக்கும்! சிறிது நேரத்தில் மோகன் பகான் தலைவர் சிவதாஸ் பாதுரி சமன்செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சிவதாஸ் தந்த பந்தை அபிலாஷ் கோஷ் வலைக்குள் செலுத்தினார். 2-1. இந்தியக் குழுவொன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை.

ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு முதியவர், வில்லியம் கோட்டையின்மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, இதை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டாராம். அடுத்த முறை கேடயத்தை வெல்லும்போது என்று விடை வந்ததாம். மோகன் பகான் அடுத்துக் கேடயத்தை வென்றது 1947இல். கதையை நான் நம்பவில்லை. ஆண்டு மட்டும் உண்மை. இத்தகைய கதைகளை ஒரு மக்கள் கூட்டம் பின்னோக்கி நெய்துகொள்வதை நாட்டார் வழக்காறு படித்தவர்கள் அறிவர்.

இனி நெல்லைக்கு வருகிறேன். 1911 சூலையில் நம் பொருநைக் கரை எப்படி இருந்தது? அவ்வாண்டு சூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன், ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். அதற்கும் கல்கத்தா இறுதியாட்டத்திற்கும் இடையே 42 நாள்கள். அந்த 42 நாள்களில் நம் மாவட்டத்தில் வீடு வீடாகச் சோதனை. கடிதம் வைத்திருந்தவர்கள் எரித்தனர். பெயர் எழுதியிருந்தவர்கள் அழித்தனர். கப்பலோட்டிய சிதம்பரனார் அப்போது சிறையில் இருந்தார். அவர் சிறைப்பட்ட கதையின் தொடக்கமும் வங்காளத்தைத் தொட்டதுதான். 1908 மார்ச் 9ஆம் நாள், விபின் சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாடியதற்காகவே அவரும் சுப்பிரமணிய சிவாவும் தளைப்படுத்தப்பட்டனர். மார்ச் 13இல் நெல்லை பொங்கி எழுந்தது. கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

ஒரே ஆண்டில் கல்கத்தாவில் ஒரு பந்து, மணியாச்சியில் ஒரு குண்டு என்று ஒப்பிட்டு அடுக்குமொழி பேச எனக்கும் ஆசைதான். அப்படிப் பேசினால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது இரண்டுக்கும் நேர்மை ஆகாது. நான் கவனித்தது வேறொன்று. கல்கத்தாவில் அந்தப் பருவம் முடிந்தவுடன் எழுத்து தொடங்கியது. இதழ்களில் பாட்டு வந்தது, கட்டுரை வந்தது. பதினொருவரையும் 'அமர் ஏகாதஷ்', இறவாப் பதினொருவர், என்றனர். சூலை 29ஐ மோகன் பகான் நாள் என்று இன்றும் கொண்டாடுகின்றனர். 2011இல் திரைப்படமும் வந்தது. ஹிராலால் முகர்ஜி, பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி, மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா, கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி. தாளைப் பார்க்காமல் சொன்னேன். பதினொரு பெயர்.

இப்போது எங்கள் வீட்டுப் படம்.

என் ஆச்சியின் தந்தையார், என் பூட்டனார், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தவர். கல்லூரிக் குழுவில் பந்தாடியவர். அக்காலக் குழுப்படங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் நிற்போர், நடுவில் நாற்காலியில் அமர்ந்தோர், முன்னால் தரையில் காலை மடக்கி இருவர். அவ்விருவர்க்கும் இடையே பந்து. பந்தின்மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டு எழுதியிருக்கும். எங்கள் படத்தில் 1924-25. கீழே அட்டையில் பெயர்களும் இருந்திருக்கின்றன. நான் பார்க்கும் முன்பே கரையான் தின்றுவிட்டது.

பூட்டனார் மாலையில் ஆடிவிட்டுச் சுலோசன முதலியார் பாலத்தின் வழியே நடந்து வருவாராம். நேரே வீட்டுக்குள் வர முடியாது. சிந்துபூந்துறைப் படித்துறையில் இறங்கி முழுகி, ஈரத் துணியோடுதான் நடையேறவேண்டும். தோற்பந்தைத் தொட்டவர் அல்லவா? அவருடைய தாயார் வாசலில் நின்று தலை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். பூட்டனார் குளிக்கவும் செய்தார். ஆட்டத்தை விடவும் இல்லை. ஆச்சி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரித்தோம். பிஸ்கோவின் காசுமீர மாணவன் ஆற்றுக்குப் போன கதையைப் படித்தபோதுதான், நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பது எனக்கு உறைத்தது. அந்தப் பந்தின் தோலைப் பதப்படுத்தியவர் எந்தத் தெருவில் இருந்திருப்பார், அவர் எந்தப் படித்துறையில் குளிக்க விடப்பட்டிருப்பார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் நாற்பது வயது வரை கேட்கவில்லை.

சிறுமியாக இருந்தபோது, படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஆச்சியிடம் பெயர் கேட்பேன். நான்கு பேருக்குப் பெயர் சொல்வார். ஒருவர் பூட்டனார். இருவர் உறவினர். ஒருவர் பூட்டனாரின் தெருத்தோழர். பின்வரிசையின் வலக்கோடியில் ஒருவர், எல்லாரையும்விட ஒரு முழம் உயரம். இடக்கை மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். கோல் காத்தவர் அவர்தான்.

"இந்த நெட்டையா நிக்கிறது யாரு ஆச்சி?"

"தெரியலட்டி. நம்ம ஆளுக இல்ல. ஆனா ஒரு பந்து விடமாட்டானாம். எங்க அய்யா சொல்லுவாக."

இதைச் சொன்ன ஆச்சி கடுமையான மனுசி அல்லர். யார் வந்தாலும் இலை போட்டவர். தந்தையார் அந்த இளைஞரின் ஆட்டத்தை மகளிடம் சொல்லியிருக்கிறார்; ஒரு பந்தையும் விடாத கையைச் சொல்லியிருக்கிறார்; பெயரைச் சொல்லவில்லை, அல்லது சொன்ன பெயர் எங்கள் வீட்டில் தங்கவில்லை. கரையான் அட்டையைத் தின்றது பிறகுதான். அதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் ஏழு பெயர்களைத் தின்றுவிட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் வெள்ளம் இங்கிருப்போர் எவர்க்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த வெள்ளம் அது. எங்கள் ஆச்சியின் வீட்டில் சுவர் ஆணி மட்டத்திற்குமேல் நீர் நின்றது. மூன்றாம் நாள் சேற்றிலிருந்து படத்தை எடுத்தபோது, கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்க முயன்றதில் முன்வரிசையும் பந்தும் போயின. ஆண்டு எழுதிய சுண்ணக்கோடு போயிற்று. பூட்டனாரின் முகம் பாதி. பின்வரிசை மட்டும் பெரிய சேதமின்றி நிற்கிறது. வலக்கோடியில் அந்த உயரமானவர், சுற்றிய துணியோடு, எங்கோ பார்த்துக்கொண்டு.

ஓர் அட்டையில் பதினொரு கட்டம் வரைந்து, அவரவர் நின்ற இடத்தில், தெரிந்த நான்கு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஏழும் வெற்றிடம். கல்லூரிப் பழைய ஆண்டு மலர்களைத் தேடும் வேலையை விடுமுறையில் தொடங்கியிருக்கிறேன். இவ்வட்டத்தில் பத்தாண்டுகளில் பலநூறு கவிதைகள் படிக்கப்பட்டுள்ளன. தாத்தாவைப் பற்றிய கவிதை மட்டுமே ஒரு தொகுதி அளவுக்குத் தேறும் என்று தோழர் ஒருவர் கேலி செய்வார். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு.

அக்காலத்தில் இத்தகைய படத்தை ஆளுக்கொரு படி வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே அதே படம் மற்றப் பத்து வீடுகளிலும் இருந்திருக்க வேண்டும். பந்தில் 1924-25 என்று எழுதிய, பின்வரிசை வலக்கோடியில் மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றிய நெடிய இளைஞர் நிற்கும் படம் உங்கள் வீட்டிலோ, உங்கள் மாணவர் வீட்டிலோ, பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ நாசரேத்திலோ எவர் வீட்டுப் பரணிலோ இருந்து, அவரைக் காட்டி, 'இவர் எங்கள் தாத்தா' என்று யாரேனும் சொல்வார்களாயின், செயலாளரிடம் என் முகவரி இருக்கிறது. எழுதுங்கள். அல்லது என்னை வரச்சொல்லுங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன்.